தூள் இடிக்கத் தொடங்கினோம், இனி எந்தக் கந்தோருக்குப் போவது? யாழ்ப்பாணத்தில் சிறுதொழில் செய்வோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அம்மா கறித்தூள் விற்கத் தொடங்கி மூன்றாவது மாதம், யாரோ சொன்னதைக் கேட்டு என்னையும் கூட்டிக்கொண்டு ஓர் அரச அலுவலகத்துக்குப் போனார். "தம்பி, சுயதொழிலுக்கு ஏதும் உதவி இருக்கோ?" என்று கேட்டார். "பேரையும் போன் நம்பரையும் எழுதிப்போட்டுப் போங்கோ அம்மா, வந்தா சொல்லுவம்" என்றார் அங்கிருந்தவர். எழுதினோம். ஒன்றும் வரவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து வேறோர் அலுவலகத்துக்குப் போனோம். இந்தமுறை கையில் ஒரு பைக்கற்றுத் தூளும் ஒரே ஒரு கேள்வியும் இருந்தன: "இது இரண்டு மாதத்தில் கட்டிபட்டுப் போகிறது, ஏன்?" அரை மணித்தியாலத்தில் பதில் வந்தது. வறுத்த சரக்கு முழுதாக ஆறுவதற்கு முன் அரைத்து அடைக்கிறோம், பையும் மெல்லியது, ஈரம் உள்ளேயே நிற்கிறது. பை எந்தத் தடிப்பில் வாங்க வேண்டும் என்று எழுதித் தந்த அதே உத்தியோகத்தர், அடுத்த மாதம் நடக்கவிருந்த பொதியிடல் பயிற்சிக்கும் அம்மாவின் பெயரைச் சேர்த்தார்.

அரச உதவி என்றதும் நம்மில் பலருக்குத் தையல் மெஷினும் மானியக் காசும்தான் ஞாபகம் வரும். அவை எப்போதாவது, யாருக்காவது வரும். எப்போதும் இருப்பது ஆட்களின் நேரமும் அறிவும். அதற்குக் காசில்லை, அல்லது பெயரளவுக் கட்டணம்தான். ஆனால் "ஏதும் இருக்கோ" என்று போனால் அது கிடைக்காது. பிரச்சினையைக் கையில் எடுத்துக்கொண்டு போனால்தான் கிடைக்கும். எந்தப் பிரச்சினைக்கு எந்தக் கதவு என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் ஒரு கொப்பி

வீட்டை விட்டு இறங்குவதற்கு முன் செய்ய வேண்டியது இது. மூன்று மாதக் கணக்கை ஒரு சிஆர் கொப்பியில் எழுதுங்கள். திகதி, என்ன வாங்கினோம், எவ்வளவு விற்றோம், யாரிடம் கடன் நிற்கிறது, அவ்வளவுதான். கணினி வேண்டாம், கணக்காளர் வேண்டாம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நாங்கள் சந்தித்த ஆலோசகர்கள் எல்லோருமே முதலில் கேட்டது "ஒரு கிலோவுக்கு உங்களுக்கு என்ன செலவாகிறது?" என்பதைத்தான். அம்மாவிடம் பதில் இருந்தது. அது பிழையான பதில்.

உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம். தொகைகள் கணக்குக்காக நான் வைத்தவை, உங்கள் ஊர்ச் சந்தை விலையைப் போட்டுப் பாருங்கள். செத்தல் மிளகாய், மல்லி, மிளகு, சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை எல்லாம் சேர்த்துப் பத்துக் கிலோ சரக்கு 12,000 ரூபா என்று வையுங்கள். வறுத்து அரைத்து அரித்து எடுக்கும்போது ஒரு கிலோ குறைந்து ஒன்பது கிலோ தேறும். 250 கிராம் பைக்கற்றாகப் போட்டால் 36 பைக்கற்று. எரிவாயு 600, ஆலைக்கூலி 700, பையும் லேபலும் ஒன்றுக்கு 15 ரூபாப்படி 540, கடைகளுக்குக் கொண்டுபோக 500. மொத்தம் 14,340. ஒரு பைக்கற்றுக்கு ஏறக்குறைய 398 ரூபா. கடைக்காரர் 450 ரூபாவுக்கு எடுத்தால் 52 ரூபா லாபம். அம்மாவின் கணக்கு இங்கேயே நின்றுவிட்டது.

இப்போது அம்மாவின் ஒன்றரை நாள் வேலையை நாளுக்கு 2,000 ரூபாப்படி போடுங்கள். 3,000 ரூபா. மொத்தம் 17,340. ஒரு பைக்கற்று 482 ரூபா. 450க்கு விற்றால் ஒவ்வொரு பைக்கற்றிலும் 32 ரூபா நட்டம். வெளியில் கூலிக்கு ஆள் வைத்த மறுநாளே தொழில் படுத்துவிடும். "நான்தானே செய்யிறன், எனக்கு ஏன் கூலி?" என்று கேட்காத அம்மா நம் ஊரில் இல்லை. அதே அம்மாவுக்குக் காய்ச்சல் வந்த கிழமை, பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு வேலை வாங்கியபோதுதான் எங்களுக்கே இது உறைத்தது.

இந்தக் கணக்கில் இன்னொரு ஓட்டையும் உண்டு. வெளிநாட்டில் இருக்கும் மாமா அனுப்பிய காசில் வாங்கிய கிரைண்டரின் தேய்மானத்தை யாரும் எழுதுவதில்லை. சும்மா வந்த மெஷினும் ஒருநாள் பழுதாகும்.

பிரதேச செயலகம் வேறு, பிரதேச சபை வேறு

இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு அரைநாளைத் தொலைத்தவர்கள் நிறையப் பேர். பிரதேச செயலகம் நிர்வாக அலுவலகம். யாழ் மாவட்டத்தில் 15 இருக்கின்றன, அவற்றின் கீழே 435 கிராம அலுவலர் பிரிவுகள். பிரதேச சபை என்பது நாம் வாக்குப்போட்டுத் தெரிவுசெய்யும் உள்ளூராட்சி சபை. மாநகர சபை ஒன்று, நகர சபைகள் மூன்று, பிரதேச சபைகள் பதின்மூன்று என மாவட்டத்தில் 17 உள்ளூராட்சி மன்றங்கள். ஆலோசனையும் பயிற்சியும் தேடுபவர் முதலில் போக வேண்டியது செயலகத்துக்கு. உரிமம் எடுக்கப் போவது சபைக்கு.

போகும் வழியில் கிராம அலுவலரைச் சந்தித்துவிடுங்கள். பழைய ஆட்கள் இப்போதும் விதானையார் என்றுதான் சொல்வார்கள். நீங்கள் அந்தப் பிரிவில் வசிப்பதையும் இந்தத் தொழில் செய்வதையும் உறுதிப்படுத்தும் கடிதம் அவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும். கிராம மட்டத்தில் இருக்கும் சமுர்த்தி உத்தியோகத்தருக்கும் அபிவிருத்தி உத்தியோகத்தருக்கும் உங்கள் தொழில் தெரிந்திருப்பது நல்லது. பயிற்சி அறிவித்தல்கள் பெரும்பாலும் அவர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் மாதர் சங்கக் கூட்டத்திலும்தான் முதலில் வரும். பத்திரிகையில் வரும்வரை காத்திருந்தால் இடம் முடிந்திருக்கும்.

செயலகத்துக்குள் போனால் சிறு தொழில் முயற்சி அபிவிருத்திக்குப் பொறுப்பான உத்தியோகத்தரைக் கேளுங்கள். தொழில் தொடங்குவதற்கான பயிற்சி, கணக்கு எழுதப் பழக்குவது, வங்கிக்குக் கொடுக்கும் திட்ட அறிக்கைக்கு உதவுவது அவர்களின் வேலை. 2006ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய தொழில் முயற்சி அபிவிருத்தி அதிகார சபையின் வேலைகளும் இதே வட்டத்துக்குள் வருபவைதான். எந்த உத்தியோகத்தர் எந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்று நீங்கள் மண்டையை உடைக்க வேண்டாம். பெயரையும், அவர் அலுவலகத்தில் இருக்கும் நாளையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வெளிக்கள வேலைக்குப் போகும் நாளில் போய்க் கதிரையைப் பார்த்துவிட்டு வருவதில் பிரயோசனம் இல்லை.

உங்கள் தொழிலுக்கு எந்தக் கதவு?

உற்பத்தி முறையில் சிக்கல் என்றால் விதாதா வள நிலையம். பிரதேச செயலக மட்டத்தில் இயங்குவது இது. விஞ்ஞான தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார். உணவு பதனிடல், சவர்க்காரம், சுத்திகரிப்புத் திரவங்கள், பொதியிடல் என்று சின்னச் சின்னத் தொழில்நுட்பங்களைக் கற்பிப்பார்கள். எங்கள் கட்டிபட்ட தூள் போன்ற கேள்விகளுக்குப் பொருத்தமான இடம்.

மெஷின், பட்டறை, கொஞ்சம் பெரிய உற்பத்தி என்று போகிறவருக்குக் கைத்தொழில் அபிவிருத்திச் சபை. 1969இல் சட்டமாக வந்த பழைய நிறுவனம். தொழில் முயற்சியாளர் பயிற்சி, தொழில்நுட்ப ஆலோசனை, கைத்தொழில் பேட்டைகள் எல்லாம் அதன் கீழ். போரில் அழிந்து, பின்னர் இந்திய உதவியுடன் மீள எழுந்த அச்சுவேலிக் கைத்தொழில் பேட்டையை நம் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். வீட்டு முற்றத்தில் இடம் போதாமல் திணறுபவர்கள் அங்கே இடம் பெறும் நிபந்தனைகளைக் கேட்டு வைக்கலாம். மாகாண சபையின் கீழ் வரும் தொழிற்றுறைத் திணைக்களம் தனி. நெசவு, கைப்பணி போன்றவற்றில் பயிற்சி தேடுபவர் அங்கேயும் விசாரிக்க வேண்டும்.

பனை சார்ந்த எதற்கும் பனை அபிவிருத்திச் சபை. 1978இல் தொடங்கியது. தலைமையகம் கொழும்பில் இல்லாமல் யாழ்ப்பாணத்திலேயே இருக்கும் அரிதான தேசிய நிறுவனம். கைதடியில் பனை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. ஒடியல் மா, பனங்கட்டி, பனாட்டு, ஓலைப் பின்னல் எதுவானாலும் பயிற்சிக்கும் தரம் பற்றிய கேள்விக்கும் இந்த இரண்டையும் விட்டு வேறெங்கும் அலைய வேண்டாம். பனைப் பொருட்கள் விற்கும் கற்பகம் விற்பனை நிலையத்துக்கும் ஒருமுறை போய் வாருங்கள். வாங்க அல்ல. அங்கே எந்தப் பொருள் எந்த அளவுப் பைக்கற்றில் நிற்கிறது என்று பார்க்க.

விளைபொருளில் இருந்து உணவு செய்பவர்களுக்கு விவசாயத் திணைக்களம். உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். திருநெல்வேலியில் உள்ள மாவட்ட விவசாயப் பயிற்சி நிலையத்தில் நடக்கும் வகுப்புகள் பற்றி அவருக்குத் தெரிந்திருக்கும். திருநெல்வேலி அம்மாச்சி உணவகத்தில் தோசையும் குரக்கன் ரொட்டியும் சாப்பிட்டிருப்பீர்கள். அங்கே சமைத்து விற்பவர்கள் சம்பளத்துக்கு வேலை செய்யும் ஆட்கள் அல்லர், சுயதொழில் செய்யும் பெண்கள். சுகாதாரப் பயிற்சியும் விற்க ஓர் இடமும் மட்டும் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஏற்றுமதி என்றால் ஏற்றுமதி அபிவிருத்திச் சபை, 1979ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. லண்டனுக்குப் போகும் சித்தியின் சூட்கேசில் பத்துக் கிலோ தூள் வைத்து அனுப்புவது ஏற்றுமதி இல்லை என்பதை அன்போடு சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சூட்கேசுக்கு மூன்று வருடமாக ஆள் மாறாமல் ஓடர் வருகிறது என்றால், அந்தச் சபையிடம் புதிய ஏற்றுமதியாளருக்கான வழிகாட்டலைக் கேட்கும் நேரம் வந்துவிட்டது.

ஆலோசகருக்கு முன்னால் அமரும்போது

கொண்டுபோக வேண்டியவை: அடையாள அட்டைப் பிரதி, கிராம அலுவலர் கடிதம், அந்தக் கொப்பி, பொருளின் மாதிரி ஒன்று, தாளில் எழுதிய மூன்று கேள்விகள். மூன்றுக்கு மேல் வேண்டாம். "வியாபாரத்தை எப்படிப் பெருப்பிக்கலாம்?" என்பது கேள்வியில்லை. "மாதம் 200 பைக்கற்று விற்கிறேன், 400 ஆக்க வேண்டுமென்றால் சொந்தமாக ஆலை போடுவதா, கூலிக்கு அரைப்பதா?" என்பது கேள்வி.

கணக்கை மறைக்காதீர்கள். வருமானத்தைக் குறைத்துச் சொன்னால் ஏதாவது நிவாரணம் கிடைக்கும் என்று நினைத்துச் சிலர் பாதிதான் சொல்வார்கள். பிறகு அதே ஆள் அதே உத்தியோகத்தரிடம் வங்கிக் கடனுக்குத் திட்ட அறிக்கை எழுதித் தரச் சொல்லி வந்து நிற்பார். பாதி வருமானத்துக்கு எந்த வங்கி கடன் தரும்?

உங்கள் அளவு என்னவென்றும் தெரிந்திருங்கள். 2016இல் வெளியான தேசிய கொள்கைச் சட்டகத்தின்படி பத்துப் பேர் வரை வேலை செய்யும், வருட விற்பனை 15 மில்லியன் ரூபாவைத் தாண்டாத தொழில் நுண்தொழில். 11 முதல் 50 பேர், 250 மில்லியன் வரை என்றால் சிறுதொழில். யாழ்ப்பாணத்தில் சிறுதொழில் என்று நாம் சொல்பவற்றில் பெரும்பாலானவை உண்மையில் நுண்தொழில்தான். சில திட்டங்கள் ஒரு பிரிவுக்கு மட்டும் திறந்திருக்கும் என்பதால் விண்ணப்பத்தில் இதைச் சரியாகக் குறிப்பிட வேண்டும்.

உத்தியோகத்தர்கள் இடமாற்றம் பெற்றுப் போவார்கள். அவர் சொன்னதை அன்றே எழுதி, கொடுத்த கடிதங்களின் பிரதியை உங்கள் பைலில் வையுங்கள். புதிதாக வருபவரிடம் ஆதியிலிருந்து கதை சொல்லிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

பயிற்சி: எதற்குப் போவது, எதைத் தவிர்ப்பது

எங்கள் ஒழுங்கையில் ஒரு அக்காவிடம் கேக் அலங்காரம், மெழுகுதிரி, காளான், தும்புத்தடி, பத்திக் துணி என ஒன்பது சான்றிதழ் இருக்கிறது. தொழில் ஒன்றுமில்லை. செயலமர்வில் மதியச் சாப்பாடு நன்றாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் மூன்று நாள் உற்பத்தியை விட்டுவிட்டுப் போகிறீர்கள் என்பதையும் கொப்பியில் செலவாக எழுதிப் பாருங்கள். ஒரே கிராமத்தில் முப்பது பேருக்கு ஒரே பயிற்சியும் ஒரே மெஷினும் கொடுத்தால் முப்பது பேரும் ஒரே சந்தையில் ஒருவரையொருவர் விலையால் வெட்டுவார்கள். அதனால் பயிற்சிக்குப் பெயர் கொடுக்கும் முன், இதை யார் வாங்குவார்கள் என்று நீங்களே சங்கக்கடையிலும் இரண்டு பலசரக்குக் கடையிலும் கேட்டுவிட்டு வாருங்கள்.

கையில் தொழில் இருந்தும் கடுதாசி இல்லாதவர்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. இருபது வருடமாக வயரிங் செய்யும் அண்ணனோ, வெதுப்பகத்தில் பழகிய தம்பியோ மீண்டும் வகுப்பில் போய் இருக்கத் தேவையில்லை. அனுபவத்தை மதிப்பிட்டுத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ், அதாவது என்.வி.கியூ., வழங்கும் முறை உண்டு. நைற்றா என்று நாம் சொல்லும் தேசிய பயிலுநர், கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையில் விசாரியுங்கள். தகைமை ஏழு மட்டங்கள் கொண்டது. மதிப்பீட்டாளர் முன்னால் வேலையைச் செய்து காட்ட வேண்டும், செய்த வேலைகளின் படங்களும் வாடிக்கையாளர் கடிதங்களும் உதவும். முழுநேரமாகப் படிக்கக்கூடிய இளையவர்களுக்குத் தொழிற்பயிற்சி அதிகார சபை, யாழ்ப்பாணத் தொழில்நுட்பக் கல்லூரி, கிளிநொச்சி அறிவியல்நகரில் உள்ள ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனம் எல்லாம் இருக்கின்றன.

கடதாசி வேலை

வியாபாரப் பெயர்ப் பதிவுக்கான விண்ணப்பத்தைப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். கிராம அலுவலர் அறிக்கை, இடத்தின் உறுதி அல்லது வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். கம்பனியாகப் பதிவது வேறு விடயம், 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கம்பனிப் பதிவாளரிடம். வீட்டுத் தொழிலுக்கு ஆரம்பத்தில் அது தேவைப்படாது.

வியாபார உரிமம் உள்ளூராட்சி சபையில். அரைக்கும் ஆலை, பட்டறை போல இரைச்சலோ தூசியோ கழிவோ உள்ளவற்றுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரமும் தேவைப்படலாம். சிறியவை பலவற்றுக்கு அதையும் சபையே வழங்குகிறது.

உணவு என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருவார். அவர் வந்து குறை பிடிக்கும்வரை காத்திருக்காமல், கட்டட வேலை தொடங்கும் முன் நீங்களே போய்க் கேளுங்கள். தரைக்கு ஓடு போட்ட பிறகு "தண்ணி வழிஞ்சோட இடமில்லையே" என்று கேட்டால் செலவு இரட்டிப்பு. லேபலில் பொருளின் பெயர், சேர்மானங்கள், நிறை, தொகுதி இலக்கம், உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, உற்பத்தியாளர் விலாசம் எல்லாம் இருக்க வேண்டும். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழான விதிமுறைகள் அவை, அவ்வப்போது திருத்தப்படுபவை. அதனால் ஆயிரம் லேபல் அச்சடிக்கும் முன் மாதிரியைப் பரிசோதகரிடம் காட்டுங்கள். இலங்கைத் தரச் சான்றான எஸ்.எல்.எஸ். சின்னத்தைப் பற்றி முதல் வருடத்திலேயே கவலைப்பட வேண்டாம்.

கடன் கடைசியில்

கணக்கும் பதிவும் நிலையான வாடிக்கையாளரும் வந்த பிறகுதான் கடன். அதற்கு முன் எடுத்த கடன் தொழிலுக்குப் போகாது, வீட்டுச் செலவுக்குப் போகும். வாசலுக்கே வந்து கையெழுத்து வாங்கும் கிழமைக்கடனால் வடக்கில் எத்தனை குடும்பங்கள் நொந்தன என்று உங்களுக்கே தெரியும். அதனால் அரச வங்கிகளிலும் பிரதேச அபிவிருத்தி வங்கியிலும் சிறுதொழில் கடன் பற்றி முதலில் கேளுங்கள். போகும் முன் 1990இல் உருவான கடன் தகவல் பணியகத்தில் உங்கள் பெயரில் என்ன பதிவாகியிருக்கிறது என்று அறிக்கை எடுத்துப் பாருங்கள். மச்சானுக்குப் பிணை நின்ற மோட்டார் சைக்கிள் லீசிங் ஒன்று அங்கே சிவப்பாகக் கிடக்கலாம்.

திட்ட அறிக்கை எழுத இடைத்தரகருக்குக் காசு கொடுக்க வேண்டாம். மேலே சொன்ன உத்தியோகத்தர்கள் அதற்குத்தான் இருக்கிறார்கள். ஒரு திட்டத்துக்கு விண்ணப்பித்து மாதக்கணக்காகப் பதிலில்லை, தெரிவு எப்படி நடந்தது என்று தெரியவில்லை என்றால் சண்டைபிடிக்காமல் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் கொடுங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. எந்த அலுவலகம் எங்கே என்று தெரியாவிட்டால் 1919க்கு அழைத்துக் கேட்கலாம்.

எப்போது தொடங்குவது

நல்லூர்த் திருவிழா 25 நாள். அங்கே கடை போட நினைப்பவர் ஆவணி பிறந்த பிறகு யோசித்தால் லேபலும் இருக்காது, உரிமமும் இருக்காது. முற்றவெளியில் 2010 முதல் நடந்துவரும் சர்வதேச வர்த்தகக் கண்காட்சி பெரும்பாலும் தை மாதத்தை ஒட்டி வரும். அதில் பிரதேச செயலகமோ சபைகளோ சிறுதொழிலாளருக்கு இடம் எடுத்துத் தருகின்றனவா என்று ஐப்பசியிலேயே கேட்க வேண்டும். சபையின் உரிமம் மார்கழி 31உடன் முடியும். நாங்கள் ஒருமுறை தை கடைசிவரை இழுத்தடித்தோம். தூள் தயாராக இருந்தும், உரிமப் பிரதி இல்லாமல் எடுக்க முடியாது என்று ஒரு கடை மூன்று கிழமை காத்திருக்க வைத்தது. இப்போதெல்லாம் நத்தார் விடுமுறைக்கு முன்பே அம்மா பைலைத் தூக்கிக்கொண்டு சபைக்குக் கிளம்பிவிடுவார்.